சூட்டுக்குப் பத்து மார்க்

புதன்கிழமை காலை. ரயில் ஒரு மணி நேரம் தாமதமாக ஹவுராவுக்குள் நுழைந்தது. சென்னையிலிருந்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அதற்கு முன்னால் திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்த களைப்பு வேறு. வழியில் இருபது ரூபாய் கொடுத்து வாங்கிய ரயில் காபியைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

என் கைப்பையில் மூன்று சாமான்கள் இருந்தன: முறுக்கு டப்பா, நாற்பது பக்க நோட்டு, ஒரு தெர்மாமீட்டர். முறுக்கு சரி, தெர்மாமீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். முப்பத்தொரு வருஷம் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என்னை இங்கே வரவழைத்தவளும் அதற்காகத்தான் வரவழைத்தாள்.

அவள் மீனா, என் சித்தி மகள். சித்தப்பா கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். அதனால் மீனா பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் கொல்கத்தாவிலேயே. தமிழ் அவளுக்கு வீட்டுக்குள் பேசுகிற பாஷை, கோபம் வந்தால் வங்காளிக்குத் தாவிவிடுவாள். பதினேழு வருஷம் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவள், மூன்று வருஷத்துக்கு முன் வேலையை உதறிவிட்டு டாலிகஞ்சில் ஆறு மேஜை போட்டு ஒரு காபிக் கடை திறந்தாள். பெயர் ‘ஜான்லா’. வங்காளியில் ஜன்னல் என்று அர்த்தம்.

போன மாதம் போன் செய்தாள். “அக்கா, ஒரு பெரிய செயின் கடைக்காரங்க என் இடத்தைக் கேக்கறாங்க. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை பதினோரு மணிக்கு வராங்க. கையெழுத்துப் போட்டா போர்டு அவங்களோடது, மெஷின் அவங்களோடது, பொடி அவங்களோடது. நான் மானேஜர், மாசச் சம்பளம். என் காபி அவங்க காபியைவிட நல்லதுன்னா போடமாட்டேன். இல்லைன்னா வீம்பு பிடிக்காம போட்டுடுவேன். நீ வந்து குடிச்சுப் பாத்துச் சொல்லு.”

“அங்க குடிக்க ஆளா இல்ல?”

“எல்லாரும் சூப்பர் சூப்பர்னுதான் சொல்றாங்க. நீ லேப்காரி. அளந்து சொல்லுவ.”

இதைவிட எனக்கு என்ன வேண்டும்? அடுத்த நாளே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஹவுராவில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடுவரை பத்து ரூபாய். ஆற்றுக்கு அடியில் ரயில் போகிறது என்று ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு காத்திருந்தேன். நீல வெளிச்சம் வந்தது, போனது, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எஸ்பிளனேடில் மாறி டாலிகஞ்ச். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பன்னிரண்டு ரூபாய். ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டியதும் டிரைவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ அவர் சொத்தைக் கேட்டதுபோல இருந்தது. சில்லறை கொடுக்கும்வரை வண்டியை எடுக்கமாட்டேன் என்றார். பக்கத்தில் இருந்த அம்மாள் பன்னிரண்டு ரூபாயை எனக்காகக் கொடுத்து, “போகட்டும், திதி” என்று அக்கா முறை சொல்லி என் கையையும் தட்டிக்கொடுத்தார். துர்கா பூஜைக்கு மூன்று வாரம் இருந்தது. தெருமுனை எல்லாம் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றரைக்கு ஜான்லா. சினிமா ஸ்டூடியோக்களுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் முன்னறை. மீனா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கல்லாவுக்குப் பின்னால் ஷம்பா நின்றாள். முப்பது வயதிருக்கும், காபி போடுகிற வேலை அவளுக்கு. மீனாவை “மீனாதி” என்று கூப்பிடுவாள், அதாவது மீனா அக்கா. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளி தெரியாது. இரண்டு பேருக்கும் கொஞ்சம் இந்தி தெரியும், அதுவும் ஒரே மாதிரி இல்லை.

முதல் கோப்பையை மீனாவே போட்டாள். கப்புசினோ, நூற்று நாற்பது ரூபாய், எனக்கு ஓசி. பால் ஜக்கை ஆவிக் குழாயின் அடியில் பிடித்து அது வீறிட்டு அலறுகிறவரை விட்டாள். “எங்க கடையில ஒரே ரூல்தான் அக்கா. ஜக்கைக் கையால தொட முடியக் கூடாது.” தெர்மாமீட்டரை விட்டேன். எண்பத்தொன்று! நாக்கு சுட்டது, கண்ணில் நீர் வந்தது, இரண்டு நாள் ரயில் அலுப்பு இறங்கியது. அடடா, இதுவல்லவா காபி என்று இருந்தது.

நோட்டில் கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்தேன். சூடு பத்து, மணம் பத்து, ருசி பத்து. மீனாவுக்குச் சூட்டில் முழு மார்க், மற்ற இரண்டிலும் எட்டெட்டு. மொத்தம் இருபத்தாறு.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வேட்டைக்குக் கிளம்பினேன். பவானிபூர் பெரிய சாலையில், மீனாவின் இடத்தைக் கேட்கிற அதே செயினின் கடை. பெயர் வேண்டாம். ஏசி, மெத்தை நாற்காலி, ஆளாளுக்கு ஒரு லேப்டாப். கப்புசினோ இருநூற்றுத் தொண்ணூறு, வரியோடு முந்நூற்று நாலரை. எங்கள் ஊரில் இந்தக் காசுக்குக் கால் கிலோ பொடி வாங்கலாம் என்று மனசு அரற்றியது. என் பெயரைக் கேட்டுக் கோப்பையில் எழுதினார்கள். ‘லலிதா’வில் ஒரு ‘லா’ கூடியிருந்தது. தெர்மாமீட்டர் அறுபத்து மூன்று காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஆறின காபியைக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பன்னிரண்டேகாலுக்கு பார்க் ஸ்ட்ரீட்டில் அதே செயினின் இன்னொரு கிளை. இங்கே வேறு மெஷின், வேறு பையன்கள், வேறு பாட்டு. காபி மட்டும் அதே காபி. அறுபத்திரண்டரை டிகிரி, அதே நுரை, கடைசியில் அதே லேசான கசப்பு. இதற்கு மட்டும் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும். என் ஆய்வகத்தில் ஒரே குப்பியிலிருந்து எடுத்து இருபது பிள்ளைகள் செய்தால் இருபது விடை வரும். இவர்கள் நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரே விடையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனாலும் பதினாலுக்கு மேல் மார்க் போட மனசு வரவில்லை.

தனிக் கடை என்றாலே உசத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு மணிக்கு ஒரு பாடம் கிடைத்தது. பவானிபூரிலேயே ஒரு சந்துக்குள் புதுக் கடை. சுவரில் கிட்டார், கூரையில் சைக்கிள், மெனு ஒரு பழைய கிராமபோன் தட்டில். காபி நூற்று எண்பது ரூபாய். கருகின கொட்டையைக் கேரமல் பாகில் முக்கி மறைத்திருந்தார்கள். பாதியில் எழுந்துவிட்டேன். ஆறு மார்க், அதுவும் அந்தச் சைக்கிளுக்காக.

நாலு மணிக்கு ஹிந்துஸ்தான் பார்க் பக்கம், வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு கடை. இருநூற்றுப் பத்து ரூபாய். நான் தெர்மாமீட்டரை விட்டதும் கண்ணாடி போட்ட முதலாளி விறுவிறுவென்று வந்தார்.

“நீங்கள் உணவுத்துறையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை, திருச்சி” என்றேன்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. உட்கார்ந்துகொண்டார். அறுபது டிகிரி காட்டியது. “காபி ஆறிப்போயிருக்கிறதே?” என்றேன். மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “உங்கள் பக்கத்து ஆட்கள் யார் வந்தாலும் முதல் வாய்க்கு முன்னால் இதையேதான் சொல்கிறார்கள். குடித்த பிறகு சொல்லுங்கள்.” எனக்குச் சுருக்கென்றது. காபியைப் பற்றி எங்களுக்கா வகுப்பு எடுப்பது? மணம் நன்றாகத்தான் இருந்தது, பால் தானாகத் தித்தித்தது. ஒத்துக்கொள்ளக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மொத்தம் பதினாறு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஏழு மணிக்கு ஜான்லாவில் மீனாவின் முன்னால் நோட்டை விரித்தேன். “இருபத்தாறு எங்க, பதினாறு எங்க? கிட்டயே வர முடியாது. நீ யாருக்கும் கையெழுத்துப் போட வேண்டாம்.”

மீனா நோட்டை இரண்டு தரம் படித்தாள். அப்புறம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். “மூணு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல அக்கா. இப்பவே போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடவா?”

“நேர்ல வரட்டும். மூஞ்சிக்கு நேரா சொல்லு” என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. நல்ல மழை. மீனா பால் டிப்போவுக்குப் போயிருந்தாள். கடையில் இரண்டு மேஜையில்தான் ஆள். நான் சும்மா இருக்க மாட்டாதவள், உள்ளே போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். திரும்பி வந்த கோப்பைகளைப் பார்த்தேன். ஒன்றில் பாதிக் காபி இருந்தது. இன்னொன்றில் பாதிக்கும் மேலே. ஐந்தாவது கோப்பையும் அப்படித்தான். இதைப் பற்றி மீனாவிடம் புதன்கிழமையே கேட்டிருந்தேன். “அதுக்கு இங்க அட்டான்னு பேரு, நம்ம அரட்டைதான் அக்கா! ஊர்க்கதை பேசிக்கிட்டே மறந்துடுவாங்க. இவங்களுக்குப் பேச்சுதான் முக்கியம்” என்றிருந்தாள். நானும் தலையாட்டியிருந்தேன். ஆனால் வியாழக்கிழமை நான் போன கடைகளிலும் இதே வங்காளிகள்தான் இதே கதையைப் பேசினார்கள். ஹிந்துஸ்தான் பார்க்கில் ஒரு கோப்பையிலும் மிச்சம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்போதுதான் ஷம்பா தனக்கு ஒரு காபி போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். ஜக்கின் அடியில் உள்ளங்கையை வைத்திருந்தாள். ஆவிக் குழாய் அலறவில்லை, உஸ்ஸென்று மெல்லிய சத்தம்தான். கை பொறுக்காமல் போனதும் சட்டென்று நிறுத்தினாள். நுரை மினுமினுவென்று இருந்தது.

“உனக்கு மட்டும் ஏன் வேற மாதிரி?” என்று என் இந்தியில் கேட்டேன்.

அவள் திருடி மாட்டிக்கொண்டவள்போல விழித்தாள். “எனக்கு இப்படித்தான் பிடிக்கும், திதி.”

ஒரு வாய் வாங்கிக் குடித்தேன். அதே மெஷின், அதே கொட்டை, அதே பால். ஆனால் ஹிந்துஸ்தான் பார்க்கில் குடித்ததைவிட நன்றாக இருந்தது. பால் தித்தித்தது. காபியில் ஏதோ பழத்தின் வாசனைகூட வந்தது.

“மீனாதி முறையில் ஒன்று போடு” என்றேன். போட்டாள். எண்பது டிகிரி. குடிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று அது அறுபதுக்கு இறங்க. ஷம்பாவை இன்னொன்று அவள் முறையில் போடச் சொல்லி, இரண்டையும் ஒரே சூட்டில் வைத்து மாற்றி மாற்றிக் குடித்தேன். மீனாவின் காபியில் வெந்துபோன பாலின் வாடை அடித்தது. தண்ணீராக இருந்தது. கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது. சூடு இருந்தவரை அது எதையும் தெரியவிடவில்லை.

ஒப்பிடும்போது மற்ற எல்லாவற்றையும் ஒரே நிலையில் வை. இது முதல் வருஷப் பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்லிவந்த பாடம். முப்பத்தொரு வருஷம் சொன்னவள், காபி என்று வந்ததும் சூட்டுக்குப் பத்து மார்க் வைத்து, சுட்டதற்கெல்லாம் முழுசாகக் கொடுத்திருக்கிறேன். என்னை மாதிரியே வளர்ந்த மீனாவும் சூடில்லாத காபியைக் கொடுத்தால் அவமரியாதை என்றே மூன்று வருஷம் கடை நடத்தியிருக்கிறாள். நாளைக்குப் பதினோரு மணிக்கு என் மார்க்கை நம்பி ஒரு நிரந்தர வருமானத்தை வேண்டாம் என்று சொல்லப்போகிறாள். ஐயோ!

மூன்றே முக்காலுக்கு மீனா வந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. “நான் போட்ட மார்க் தப்பு. உன் காபி நல்லா இல்ல.”

முதலில் சிரித்தாள். அப்புறம் கோபம். நான் எதிர்பார்த்தபடி வங்காளிக்குத் தாவி ஷம்பாவிடம் பொரிந்தாள். ஷம்பா அமைதியாக ஏதோ பதில் சொன்னாள். மீனா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன சொல்றா?”

“முதல் வாரமே சொன்னேன்கறா. பாலை இவ்வளவு சூடு பண்ணாதேன்னு. நான்தான், ‘ஆறின காபியைக் குடுத்தா எங்க ஊர்ல மூஞ்சியில ஊத்துவாங்க’ன்னு சத்தம் போட்டேனாம். அப்புறம் எதுக்கு வம்புன்னு விட்டுட்டாளாம்.” நெற்றியில் அடித்துக்கொண்டாள். “சொன்னேன் அக்கா. ஞாபகம் இருக்கு.”

ஷம்பா ஒரு கோப்பையை அவள் முன்னால் வைத்தாள். மீனா தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். பழக்கம் விடுமா? பிறகு குடித்தாள். பாதியில் நிறுத்துவாள் என்று பார்த்தேன், கடைசிவரை குடித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். “அதான் ஆத்திரம் ஆத்திரமா வருது.”

“நாளைக்கு என்ன செய்யப்போற?”

“தெரியல. நேத்து என் காபிதான் பெருசுன்னு தைரியமா இருந்தேன். இப்ப பாத்தா அது என் காபியே இல்ல, ஷம்பாவோடது.”

சனிக்கிழமை பதினோரு மணிக்குச் செயின் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மொடமொடப்பான காட்டன் புடவை, கையில் கோப்பு, நல்ல மரியாதை. ஏதோ வில்லியை எதிர்பார்த்திருந்த எனக்குச் சப்பென்று போயிற்று. மீனா ஷம்பாவைப் பார்த்து, “உன் முறையில் போடு” என்றாள். வந்த பெண் பேசிக்கொண்டே முழுக் கோப்பையையும் முடித்தாள்.

“உண்மையைச் சொல்கிறேன், இது எங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது” என்றாள். “ஆனால் இதைப் போட்டது இவர்தானே? நாளைக்கு இவருக்குக் காய்ச்சல் வந்தால்? வேறு இடத்துக்குப் போய்விட்டால்? எங்கள் கடையில் யார் வந்தாலும் வராவிட்டாலும் காபி மாறாது. நாங்கள் உங்களுக்குத் தருவது அந்த நிம்மதிதான்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். “இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நீங்கள் இல்லை என்றால் இதே சாலையில் இரண்டு சந்து தள்ளி ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறோம்.”

அந்தப் பெண் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. பார்க் ஸ்ட்ரீட்டில் அதைத்தானே நானும் பார்த்து அசந்துபோனேன். மீனா பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். போடு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, போடாதே என்று சொல்லவும் வரவில்லை. ஒரு தரம் சொன்னதே போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மீனா திரும்பி ஷம்பாவிடம் வங்காளியில் ஏதோ கேட்டாள். ஷம்பா துணியால் ஆவிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தாமல் ஒரே வரியில் பதில் சொன்னாள். மீனா பேனாவை மூடினாள்.

“கோவிச்சுக்காதீங்க” என்று வந்த பெண்ணிடம் கையைக் கூப்பினாள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு காபி கேட்டு, காசு கொடுத்துக் குடித்துவிட்டுப் போனாள்.

“என்னடி கேட்ட அவகிட்ட?”

“நீ என்கூட இருப்பியான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“சொன்னதைக் கேட்டா இருப்பேன்னு சொல்லிட்டா.”

ஞாயிற்றுக்கிழமை பகல் எனக்கு விமானம். டம்டம் விமான நிலையம் டாலிகஞ்சிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும். மஞ்சள் டாக்ஸி ஐந்நூற்று ஐம்பது கேட்டது. பேரம் பேசாமல் ஏறினோம். மீனாவும் வந்தாள். கடை திறந்த மூன்று வருஷத்தில் கடை நேரத்தில் அவள் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததே இல்லையாம்.

வழியெல்லாம் நான் எங்கள் ஊரையே நினைத்துக்கொண்டு வந்தேன். திருச்சியில் எந்தக் காபிக் கடைக்குப் போனாலும் நாங்கள் முதலில் சொல்வது ‘சூடா ஒரு காபி’. நல்ல காபி என்று யாரும் கேட்பதில்லை. சூடாக இருந்தால் நல்லதாகவும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம் போலிருக்கிறது. இனி நானே எத்தனை தரம் ஆறவைத்துக் குடித்துப் பார்ப்பேன், தெரியவில்லை. பார்த்தால் எத்தனை கடையை ஒதுக்கவேண்டி வருமோ என்று பயமாகவும் இருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் தகரத் தொட்டியில் கொதிக்கிற எங்கள் தெருக்கோடிக் கடைப் பாலை நினைத்தால் இன்னும் பயம்.

மீனா என் பக்கம் திரும்பவே இல்லை. போனைக் கையில் எடுப்பதும் பையில் போடுவதுமாக இருந்தாள்.

“பயமா இருக்கா?” என்றேன்.

“ரொம்ப. இரண்டு சந்து தள்ளி அவங்க வந்துடுவாங்க அக்கா. நாளைக்கே ஷம்பாவுக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவேன்?”

“கத்துக்கோ. உனக்குக் கை இல்லையா?”

“இனிமே சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கத்துத் தரேன்னிருக்கா. நேத்து மூணு ஜக் பாலைக் கொட்டினேன். ‘இன்னும் சூடு, இன்னும் சூடு’ன்னு கை தானாப் போகுது” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடியும் போனை எடுத்தாள்.

“கடைக்குப் போன் பண்ணித்தான் தொலையேன்” என்றேன்.

புறப்பாட்டு வாசலில் டாக்ஸியை விட்டு இறங்கி, என் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பண்ணினாள். இந்தப் பக்கம் எனக்குக் கடைச் சத்தம் கேட்டது. ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. மீனா ஏதோ கேட்க ஆரம்பித்தாள், பாதியிலேயே நின்றுவிட்டாள். போனைக் காதிலிருந்து எடுத்து அதன் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன ஆச்சு?” என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“மீனாதி, ஆறு மேஜையும் நிறைஞ்சிருக்கு, இப்ப பேச நேரமில்லைன்னு வெச்சுட்டா அக்கா!” என்றாள் மீனா. கண் கலங்கியிருந்தது. “என் கடையில, என் போனை, வெச்சுட்டா!”